அவசரப் பிரிவில் அந்தக் கேள்வி எதற்கு? – வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்போது கையோடு எவற்றை எடுத்துச் செல்ல வேண்டும் என்று சென்ற மாதம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் பலவும் வேறொன்றைக் கேட்கின்றன. அங்கே நம்மிடம் கேட்கப்படும் அந்தரங்கமான கேள்விகள் தேவைதானா, உண்மையைச் சொன்னால் அது யார் காதுக்கெல்லாம் போகும் என்பதே அவர்களுடைய கவலை. இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் ஊர்ப் பெயரைத் தவிர வேறு அடையாளம் எதையும் அச்சிடவில்லை.

கேள்வி: என் கொழுந்தன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஊரில் இருக்கும் என் ஓரகத்தி ஒரு நாள் காலையில் அடிவயிற்று வலியோடு குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும், மாமியாரும் நானும் ஆட்டோ ஓட்டி வந்த பக்கத்து வீட்டுப் பையனும் நிற்கும்போதே, ஓர் இளம் மருத்துவர் “நாள் தள்ளிப் போயிருக்கா? முழுகாம இருக்க வாய்ப்பு இருக்கா?” என்று கேட்டார். கணவர் ஊரில் இல்லை என்று மாமியார் சொன்ன பிறகும், சிறுநீர்ப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்றார். கடைசியில் அது குடல்வால் அழற்சி என்று தெரிந்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் அவளைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அந்தக் கேள்வி இல்லாமல் வைத்தியம் பார்த்திருக்க முடியாதா? – வாசகி, தக்கலை

பதில்: கேட்டது சரி, கேட்ட விதம் தவறு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் கோபம் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேரும்.

மாதவிடாய் வரும் வயதிலுள்ள ஒரு பெண் அடிவயிற்று வலியோடு மயங்கி விழுந்தால், மருத்துவர் முதலில் ‘இல்லை’ என்று உறுதிசெய்துகொள்ள வேண்டியது, கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், கரு தங்கிவிடும் நிலையைத்தான். வளரும் கருவுக்கு இடம் கொடுக்கும் அளவுக்கு விரிவதற்கு அந்தக் குழாயால் முடியாது. கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால், பொதுவாக 6 முதல் 8 வாரத்துக்குள் வலி தொடங்கும்; குழாய் வெடித்துவிட்டால், வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும். சிலருக்கு வயிற்றைவிடத் தோள்பட்டையில் வலி அதிகமாகத் தெரிவதுண்டு. வயிற்றில் தேங்கிய இரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. இளம் வயதினரின் உடல் இரத்த இழப்பை வெகுநேரம் தாக்குப்பிடித்துவிட்டுத் திடீரென்று சரிந்துவிடும் என்பதால், இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதே என்று காத்திருக்கவும் முடியாது. இத்தனையையும் சந்தேகிக்கவோ ஒதுக்கவோ தொடங்குவதற்குத் தேவைப்படுவது சில நிமிடங்களில் முடியும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை மட்டுமே. வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுப்பதற்கு முன்பும், சில மருந்துகளைக் கொடுப்பதற்கு முன்பும் இதே பதில் தேவைப்படுகிறது.

கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை முடிந்துவிட்டது, போன வாரம்தான் தீட்டு வந்தது என்பவை எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பரிசோதனையைத் தவிர்க்க அவை போதாது. அறுவை செய்துகொண்ட பின் அரிதாகக் கரு உண்டானால், அது குழாயில் தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். குழாய்க் கர்ப்பத்தில் வரும் சிறு இரத்தப்போக்கை மாதவிடாய் என்று எண்ணிக்கொள்பவர்களும் உண்டு. வளைகுடாவிலிருந்து ஒருவர் எப்போது விடுப்பில் வந்து போனார் என்ற கணக்கைப் போடுவது மருத்துவரின் வேலையும் அல்ல. அதனால்தான் மணமாகாதவர், கணவரைப் பிரிந்தவர், கைம்பெண், துறவற மடத்துச் சகோதரி என்று யாருக்கும் விலக்கு வைக்காமல் எல்லாருக்கும் ஒரே பரிசோதனை என்ற வழக்கம் இருக்கிறது. விலக்கு வைக்கத் தொடங்கினால், ‘உனக்கு மட்டும் ஏன் செய்தார்கள்’ என்ற கேள்வி எழுந்துவிடும். உங்கள் மாமியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டியதும் இதுதான்: அந்த இடத்தில் அந்த வயதில் யார் படுத்திருந்தாலும் அதையே கேட்டிருப்பார்கள்.

அந்த மருத்துவர் செய்யத் தவறியது என்னவென்றால், கேட்பதற்கு முன் உங்கள் எல்லாரையும் வெளியே அனுப்பவில்லை. ஏன் கேட்கிறோம் என்று ஒரு வாக்கியம் முன்னால் வைக்கவில்லை. நம் மருத்துவமனைகளில் தள்ளுவண்டியைத் தள்ளுவது முதல் மருந்து வாங்கி வருவது வரை உறவினர்களின் தலையில்தான் விழுகிறது. ஆகவே அவர்கள் கட்டிலைச் சுற்றி நிற்பது இயல்பாகிவிட்டது. என்றாலும், பதிவுச் சீட்டுப் போட்டு வரச் சொல்லி ஐந்து நிமிடம் அனுப்புவதற்கு எந்தத் தடையும் இல்லை.

சோதனை முடிவு எதுவாக இருந்தாலும், அது முதலில் அந்தப் பெண்ணுக்கு உரியது. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மன்ற நடத்தை விதிகள் நோயாளியின் இரகசியத்தைக் காப்பதை மருத்துவரின் கடமையாக வைத்திருக்கின்றன. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம், கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரத்தையும் சட்டம் அனுமதித்தவரைத் தவிர வேறு யாரிடமும் வெளியிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டு, இரத்தப்போக்கோடு வந்து, ‘ஒன்றும் சாப்பிடவில்லை’ என்று சொல்லும் பெண்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

கேள்வி: வயது 54, சர்க்கரை நோய் உண்டு. நள்ளிரவில் நெஞ்சுவலி வந்து மருத்துவமனைக்குப் போனபோது, என் மகன் பக்கத்தில் நிற்கையில், “வீரியத்துக்கு மாத்திரை ஏதாவது போட்டீங்களா?” என்று செவிலியர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அதற்கு முந்தின இரவு போட்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்குமா? – பெயர் வேண்டாம், மார்த்தாண்டம்

பதில்: ஆகியிருக்கலாம். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகள் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றன. நீங்கள் போட்ட மாத்திரை, அப்படித் தளர்த்துகிற அதே வேதிப்பொருள் உடலில் சிதையாமல் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். ஏற்கெனவே இரத்தம் கிடைக்காமல் தவிக்கும் இதயத்துக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை. வீரிய மாத்திரைகளில் சில்டெனாஃபில் சாப்பிட்டிருந்தால் 24 மணி நேரத்துக்கும், டடாலஃபில் சாப்பிட்டிருந்தால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது. உண்மையைச் சொல்லியிருந்தால் சிகிச்சை நின்றிருக்காது. வலிக்கும் அடைப்புக்கும் வேறு மருந்துகளைக் கொண்டு தொடர்ந்திருப்பார்கள்.

இங்கே இன்னும் இரண்டு செய்திகள். முதலாவது, பெயரில்லாப் பொட்டலங்களிலும் புட்டிகளிலும் விற்கும் ஆண்மை லேகியங்களில் இதே ஆங்கில மருந்து கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது; ஆகவே ‘மூலிகைதானே’ என்று அதை விட்டுவிட்டுப் பதில் சொல்லாதீர்கள். இரண்டாவது, சர்க்கரை நோயாளிக்கு வீரியக் குறைவு என்பது மெல்லிய இரத்தக் குழாய்கள் பழுதடைவதன் அறிகுறியாக, நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே தலைகாட்டுவதுண்டு. அந்தச் செவிலியரின் கேள்வி உங்கள் இதயத்தைப் பற்றியதுதான்; நடத்தையைப் பற்றியதல்ல. மகன் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், “தனியாக ஒன்று சொல்ல வேண்டும்” என்ற ஒரு வாக்கியம் போதும். அவசரப் பிரிவில் வேலை செய்யும் எவருக்கும் அதன் பொருள் உடனே புரியும்.

கேள்வி: என் கணவர் கடல் தொழிலுக்குப் போகிறவர். படகில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்த்தோம். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டபோது, “எப்போதாவது விசேஷத்துக்கு” என்று நான்தான் சொன்னேன். மூன்றாம் நாள் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தி, டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்தார். கட்டிலோடு கட்டி வைத்தார்கள். நான் மறைத்ததால்தான் இப்படி ஆனதா? உண்மையைச் சொன்னால் காப்பீட்டுப் பணம் கிடைக்காது என்று உறவினர்கள் சொன்னார்கள். – குளச்சல்

பதில்: நாள்தோறும் குடித்துப் பழகிய உடலுக்கு மது திடீரென்று நின்றுபோனதால் வந்தது அது. மறைத்ததால் நோய் வரவில்லை. வராமல் தடுக்கக் கிடைத்த இரண்டு நாள் கைநழுவிப் போனது.

மது நின்ற 6 மணி நேரத்திலேயே நடுக்கமும் படபடப்பும் வியர்வையும் தொடங்கக்கூடும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள், உங்கள் கணவருக்கு வந்ததைப் போல, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து நினைவு தடுமாறும் நிலை வரலாம். கவனிக்காமல் விட்டால் அது உயிரையே எடுத்துவிடும். முதல் நாளே தெரிந்திருந்தால் இதைத் தடுக்கும் மாத்திரைகளை அளவிட்டுக் கொடுத்திருப்பார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி போட்டு மூளையைக் காத்திருப்பார்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதும் மயக்க மருந்தின் அளவைத் தீர்மானிக்கும்போதும் அதைக் கணக்கில் எடுத்திருப்பார்கள். ஆகவே இந்தக் கேள்விக்கு ‘எப்போதாவது’ என்பது பதிலே அல்ல. ஒரு நாளைக்கு ஒரு குவார்ட்டரா இரண்டா, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, காலையில் எழுந்ததும் கை நடுங்குமா, முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்ற நான்கையும் சொல்லுங்கள்.

என்ன குடித்தார் என்பதும் சில நேரங்களில் உயிர்க் கேள்வியாகிவிடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனால் முதலில் சாதாரண போதையைப் போலவே காட்டிவிட்டு, பெரும்பாலும் பல மணி நேரம் கழித்தே பார்வையை மங்கவைக்கும். மாற்று மருந்து உண்டு, ஆனால் அது முன்கூட்டியே கிடைத்தால்தான் கண்ணும் உயிரும் தப்பும். எங்கே வாங்கியது என்பதைச் சொல்லாவிட்டாலும், கடைச் சரக்கு அல்ல என்பதையாவது சொல்லிவிடுங்கள்.

கடற்கரைக் கிராமங்களில் மட்டுமன்றி எங்குமே மனைவிமார் மறைக்கும் இன்னொன்று இருக்கிறது. குடியை மறக்கடிக்கும் மருந்து என்று வாங்கிக் கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கிறார்கள். அதில் டைசல்ஃபிராம் இருந்தால், அதன் மேல் குடிப்பவருக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்துவிடும். அந்த நிலையில் தூக்கிக்கொண்டு ஓடிவருபவர்தான் அந்த இரகசியத்தை அறிந்த ஒரே ஆள். கணவர் காதில் விழாமல் மருத்துவரிடம் சொல்லிவிடலாம். சொல்லாமல் இருக்கக் கூடாது.

காப்பீடு பற்றி உங்களைச் சமாதானப்படுத்த நான் எதுவும் எழுதப்போவதில்லை. மது அருந்திய நிலையில் நேர்ந்த காயத்துக்குப் பணம் இல்லை என்று சில காப்பீட்டு ஒப்பந்தங்களில் இருக்கத்தான் செய்கிறது. மருத்துவர் நோய்க்குறிப்பில் உண்மையைத்தான் எழுத முடியும், மாற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்பதும் முறையல்ல. ஆனால் காலங்காலமாகக் குடிப்பவர் என்பதும், விழுந்த நேரத்தில் போதையில் இருந்தார் என்பதும் வெவ்வேறு செய்திகள். முதலாவதைச் சொன்னாலே இரண்டாவதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நம் மக்கள் பயப்படுகிறார்கள். தேவையில்லாத பயம் அது.

கேள்வி: 108 ஆம்புலன்ஸில் கேட்டதையே வாசலில் செவிலியர் கேட்டார், பிறகு ஹவுஸ் சர்ஜன், பிறகு டூட்டி டாக்டர். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க மாட்டார்களா? – களியக்காவிளை

பதில்: படிப்பார்கள்; படித்த பிறகும் கேட்பார்கள். பதற்றத்தில் முதல் தடவை சொன்ன பதில் மூன்றாம் தடவை மாறுவது அன்றாடம் நடப்பது. மாறிய பதில்தான் பெரும்பாலும் சரியானதாகவும் இருக்கும். உங்கள் பக்கத்தில் இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. எல்லை தாண்டித் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்களின் பழைய குறிப்புகள் அவர்களோடு தானாக வந்துவிடாது. இங்கிருந்து அனுப்பும் சிறு மருத்துவமனையின் கடிதத்தில் உண்மையான காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று வண்டியில் ஏறுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 19 வயது மகள், வீட்டில் நடந்த ஒரு பேச்சுக்குப் பிறகு தோட்டத்துக்கு வைத்திருந்த மருந்தைக் குடித்துவிட்டாள். வழக்கு வரும் என்று பயந்து, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னோம். மருத்துவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டாள். காவல் நிலையத்துக்கு ஏன் தகவல் கொடுத்தார்கள்? எங்களை வெளியே அனுப்பிவிட்டு, “இன்னும் சாகணும்னு தோணுதா?” என்று அவளிடம் கேட்டார்களாம். மறந்துபோன எண்ணத்தை நினைவுபடுத்துவது ஆகாதா? – ஒரு தந்தை, தோவாளை

பதில்: உங்கள் மகள் பிழைத்ததில் நிம்மதி. வழக்கு பற்றிய பயத்தை முதலில் போக்கிவிடுகிறேன். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இப்போது நடைமுறையில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், அரசு ஊழியர் ஒருவரை அவரது கடமையில் நிர்ப்பந்திப்பதற்காகச் செய்யும் முயற்சியைத் தவிர, அது குற்றமாக இடம்பெறவில்லை. அதற்கு முன்பே, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்லிவிட்டது. நஞ்சு உண்டு வருபவர்களின் பெயரை விபத்துப் பதிவேட்டில் எழுதிக் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது மருத்துவமனையின் வழக்கமான நடைமுறை. யாராவது கொடுத்துக் குடிக்கவைத்தார்களா என்று பார்ப்பதற்கும் அது தேவை. உங்கள் மகளைக் குற்றவாளியாக்குவதற்கு அல்ல.

சாப்பாடு என்று சொன்னதில் இருந்த ஆபத்து வேறு. ஒவ்வொரு நஞ்சுக்கும் வைத்தியம் வேறுபடும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துக்கு அட்ரோபின் உடனே தொடங்க வேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியில், மற்ற நோயாளிகளுக்கு யோசிக்காமல் வைக்கும் ஆக்சிஜனே, தேவையில்லாதபோது நுரையீரல் சேதத்தைக் கூட்டிவிடும். எலியைக் கொல்ல வைக்கும் சில நச்சுப் பசைகளில் முதல் ஓரிரு நாள் நோயாளி நலமாக எழுந்து உட்கார்ந்திருப்பார். அதை நம்பி வீட்டுக்கு அழைத்துப் போனால் அதன் பிறகுதான் கல்லீரல் கெடும். அரளி போன்ற தாவர நஞ்சில் இதயத் துடிப்பைத் தொடர்ந்து இ.சி.ஜி.யில் கவனிக்க வேண்டும். வாந்தியை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. புட்டியையோ உறையையோ அப்படியே எடுத்து வாருங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றி அனுப்பினாலும் அது நோயாளியோடு போகட்டும்.

தனியாக அழைத்துக் கேட்ட அந்தக் கேள்வி எண்ணத்தை விதைக்காது. இதை ஆராய்ந்த மனநல மருத்துவர்களின் முடிவு அதுதான். வெளிப்படையாகக் கேட்கப்படும்போது பலருக்கு அடக்கிவைத்திருந்ததைச் சொல்ல வழி கிடைக்கிறது. பதிலைப் பொறுத்துத்தான் அவளை எப்போது வீட்டுக்கு அனுப்புவது, யார் கூட இருக்க வேண்டும், எத்தனை நாளில் மீண்டும் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் முடிவாகின்றன. உங்களை வெளியே அனுப்பியதில் வருத்தப்படாதீர்கள். அந்த ‘வீட்டில் நடந்த பேச்சு’ உங்களோடு நடந்ததாக இருந்தால் உங்கள் முன்னால் அவள் எதைச் சொல்வாள்? நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. மீதியிருக்கும் மருந்துகளை வீட்டை விட்டு அகற்றுங்கள் அல்லது பூட்டி வையுங்கள். மனநல ஆலோசனைக்குக் குறித்துக் கொடுத்த நாளைத் தவறவிடாதீர்கள். இடையில் அவளோ நீங்களோ பேச விரும்பினால், டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாடு அரசின் 104 சேவையிலும் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு, கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். ஸ்கூட்டரில் விழுந்து அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் சொல்லியே ஆக வேண்டுமா? – குழித்துறை

பதில்: சட்டப்படி கட்டாயமில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், நீதிமன்ற ஆணை இல்லாமல் யாரையும் அதைச் சொல்லும்படி நிர்ப்பந்திக்கக் கூடாது என்கிறது. அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பதையும் தடை செய்கிறது. ஊழியர்களின் பாதுகாப்புக்காகத் தெரிய வேண்டும் என்று யாராவது சொன்னால் அது பொருந்தாது. கையுறை எல்லா நோயாளிக்கும்தான். இருந்தாலும் சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் மட்டும் சொல்வது உங்களுக்கு நல்லது. தலையில் அடிபட்டால் வலிப்பு வராமலிருக்கக் கொடுக்கும் ஃபெனிட்டாய்ன், டொலுடெக்ராவிர் என்ற உங்கள் கூட்டு மருந்தின் முக்கியப் பகுதியை வலுவிழக்கச் செய்துவிடும். தெரிந்தால் வேறு மருந்தைத் தேர்ந்துகொள்வார்கள். கட்டில் தலைமாட்டுப் பலகையில் அதை எழுதி வைத்தால் உடனே எதிர்ப்புத் தெரிவியுங்கள்.

கேள்வி: என் பாட்டாவுக்கு 78 வயது. மூட்டுவலிக்கு ஓர் ஆசானிடம் கஷாயமும் பொடியும் வாங்கிச் சாப்பிடுகிறார். ஆங்கில டாக்டரிடம் சொன்னால் ஏசுவார்கள் என்று மறைக்கச் சொல்கிறார். – திருவட்டார்

பதில்: வர்ம ஆசான்களும் சித்த, ஆயுர்வேத மருத்துவர்களும் நிறைந்த மாவட்டத்தில் இதைக் கேட்காத மருத்துவரே தவறு செய்கிறார், கேட்டுவிட்டு ஏசுகிறவர் அடுத்த நோயாளியையும் பொய் சொல்லவைக்கிறார். அதிமதுரம் அதிகமாகச் சேர்ந்த மருந்தை நீண்ட நாள் சாப்பிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிற முதியவருக்கு அது இதயத் துடிப்பையே தடுமாறவைக்கும். பெயர் ஒட்டாத மூட்டுவலிப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மருத்துவமனையில் சேர்ந்ததும் அது சட்டென்று நின்றால் இரத்த அழுத்தம் விழும். பொடியை அப்படியே பொட்டலத்தோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். 6 கட்டில்கள், மூன்றுக்குத்தான் திரை. இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டால் நோயாளி முகம் சுளிக்கிறார். கூட வந்த ஆண்கள் சண்டைக்கு வருகிறார்கள். கேட்காவிட்டால் டாக்டர் கடிந்துகொள்கிறார். எப்படித்தான் கேட்பது? – செவிலியர்

பதில்: வலிக்கு ஏதாவது செய்த பிறகு கேளுங்கள். இரத்த அழுத்தம் பார்த்து, ஊசி போட்டு, ஒரு வாய் ஆறுதல் சொன்ன கைக்குக் கிடைக்கும் பதில், வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பவருக்குக் கிடைக்காது. கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டால் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து கேளுங்கள். கூட வந்தவர்களை ‘வெளியே போங்க’ என்று சொன்னால் சண்டைதான் வரும். பழைய மருந்துச் சீட்டை எடுத்து வரவோ, பதிவு போடவோ, வீட்டுக்குத் தகவல் சொல்லவோ ஒரு வேலை கொடுத்து அனுப்புங்கள்.

கேள்விக்கு முன்னால் காரணம் வர வேண்டும். “அக்கா, வயிற்றுவலின்னு வர்ற எல்லாப் பெண்கள்கிட்டயும் இதைக் கேட்டுத்தான் மருந்து போடுவோம், தீட்டு எந்தத் தேதியில தொடங்கிச்சு?” என்றால் போதும். தேதி நினைவில்லை என்றால் ஓணத்துக்கு முன்னா பின்னா, கோட்டாறு சவேரியார் கோவில் கொடியேற்றத்துக்கு முன்னா பின்னா என்று கேட்டுப் பாருங்கள். நாட்காட்டியைக் காட்டிக் கேட்பதைவிட விரைவில் பதில் வரும். “குடிப்பீங்களா?” என்பதற்கு ‘இல்லை’ என்று சொல்வது எளிது. “ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும் அண்ணே?” என்பதற்கு, குடிக்காதவர் குடிப்பதில்லை என்று சொல்லிவிடுவார், குடிப்பவர் அளவைச் சொல்வார். மாத்திரையை விட்டுவிட்டீர்களா என்று விசாரணை போலக் கேட்காமல், வாங்க முடியாமல் எத்தனை நாள் விட்டுப்போயிருக்கும் என்று கேளுங்கள். வட மாநிலத் தொழிலாளி ஒருவருக்கு, கூட வந்த சக தொழிலாளியையோ மேஸ்திரியையோ மொழிபெயர்க்க வைத்தால், இந்த வகைக் கேள்விகளுக்கு உண்மை வராது. மொழி தெரிந்த ஊழியர் ஒருவரைத் தொலைபேசியிலாவது பிடியுங்கள்.

‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். 18 வயது நிரம்பாதவர் பாலியல் உறவுக்கோ வன்முறைக்கோ உள்ளாகியிருப்பது தெரியவந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி நீங்கள் தகவல் தர வேண்டும். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவரது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் மருத்துவர் அவரது பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே, “சிகிச்சைக்குத் தேவையானவர்களுக்கும் சட்டம் கேட்கிறவர்களுக்கும் மட்டும் தெரியும், வீட்டாருக்கு நான் சொல்ல மாட்டேன்” என்பதுதான் நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு.

குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லும் ஒரு பெண்ணின் முன்கைக் காயமும் மேல்கையின் பழைய கன்றிப்போன தடமும் பொருந்தவில்லை என்றால், கணவர் பில் கட்டப் போயிருக்கும் நேரத்தில், “வீட்டில் யாராவது அடிச்சாங்களா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். மகளிர் உதவி எண் 181 என்று சொல்லி வையுங்கள். அதைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுப்பது வீட்டில் அவருக்கே வினையாகலாம். ஆம் என்றால், அவர் சொன்ன சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். அப்படி எழுதிய பதிவேட்டை மேசையில் விரித்தபடி விட்டுப் போகாதீர்கள். மருந்து கேட்டு வருகிற ஒவ்வொருவரும் அதைப் படித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். மீதி மூன்று கட்டில்களுக்கும் திரை கேட்டு நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். அதோடு, கதவு சாத்திப் பேசக்கூடிய ஓர் அறையையும் கேளுங்கள். திரைக்கு இந்தப் பக்கம் கேட்பது அந்தப் பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும். டிரஸ்ஸிங் அறையாக இருந்தாலும் சரி, பத்து நிமிடம் சும்மா கிடந்தால் போதும்.